புதுச் சாக்கு விதை

கொழுக்கட்டைப் புல்லின் விதையைக் கையில் அள்ளினால் எடையே தெரியாது. பஞ்சும் முடியுமாக விரலில் ஒட்டிக்கொள்ளும். செஞ்சியில் நான் வேலை பார்த்தபோது என் அறை மூலையில் அந்த விதை இரண்டு சாக்குகளில் இருந்தது. ஒன்று முந்தைய வருடத்தது. மற்றது பனமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்த மாதம்தான் உருவியது. மழை பொய்த்தாலும் சாகாத புல் அது. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் அறுக்கலாம். ஆனால் உருவிய விதையை ஏழெட்டு மாதமாவது வைத்திருந்துதான் விதைக்க வேண்டும்; அதற்கு முன் முளைக்காது. மாட்டுத் தீவனம் வளர்க்கச் சொல்லிக்கொடுப்பதற்கே சம்பளம் வாங்கிய எனக்கு இது தெரியாததல்ல.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றிய அம்மா விதை கேட்டு வந்த அன்று பழைய சாக்கு காலியாகியிருந்தது. கோட்டை மலைக்குப் பின்னால், பாறைகளுக்கு நடுவே அரை ஏக்கர் சரளை நிலம் அவர்களுக்கு. கறவை ஒன்றுதான். புல் வந்தால் மாடு நிற்கும், வராவிட்டால் விற்க வேண்டியதுதான் என்று அவரே சொன்னார். வானம் இருண்டிருந்தது. ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு இவரை வெறுங்கையோடு அனுப்பக் கூச்சமாக இருந்தது. பத்தில் இரண்டாவது முளைக்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புதுச் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுத்தேன்.

“இன்னா சார் இது, பூன முடி மாரி பறக்குது?” என்று சிரித்தார்.

கூட வந்திருந்த கணவர், “பூன முடிய வெதச்சா பூனதான் மொளைக்கும். இருக்கிற பாலையும் குடிச்சிட்டுப் போயிரும்,” என்றார்.

மழை பெய்தது. பழைய விதை தூவிய பக்கத்து நிலங்களில் புல் தலைகாட்டியது. இவர்கள் கொல்லையில் ஒன்றுமில்லை. ஒரு மாதம் கழித்து, பால் அளக்கும் இடத்தில் நாலு பேர் கேனோடு நிற்கும்போது அந்த அம்மா என்னிடம் காரணம் கேட்டார். “வெதச்சிட்டு பரம்பு ஓட்டினீங்களா?” என்று நான் கேட்டேன். மண்ணைச் சமன் செய்யக் கணவர் பலகையை இழுத்திருந்தார். “அதான். விதை ஆழமாப் போயிடுச்சு,” என்றேன். லேசாகப் பலகை இழுப்பதால் எதுவும் ஆகிவிடாது. அதுவும் எனக்குத் தெரியும்.

அவர் கணவர் பக்கம் திரும்பினார். “அப்பவே வேணாம்னு சொன்னேன், கேட்டியா நீ? உனுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

“பூன முடிக்கு ரோடு ரோலர் உட்டாரு போல,” என்றார் வரிசையில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மாவின் கணவர் மட்டும் காலி கேனைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

தை மாதத்தில் அனந்தபுரத்து வியாபாரி மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். கணவர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனார். போனில்கூட இருவரும் சரியாகப் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

மறு வருடம் ஆடி மழைக்குப் பிறகு அந்த அம்மா என் வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு பிடி பச்சைப் புல்லோடு.

“கொல்ல மொத்தமும் மொளச்சிருக்குது சார். திங்கத்தான் மாடு இல்ல.” அதில் குத்தல் எதுவுமில்லை. அவர் வந்த காரணம் வேறு. “அப்ப அவரு மேல தப்பு இல்லதானே? மாடு போனதுக்கு அவரத்தான் திட்டித் தீத்துட்டேன். நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைப்பாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்.” கணவரின் எண்ணை அழுத்தி, செல்போனை என்னிடம் நீட்டினார்.

“அந்த விதை லேட்டாத்தான் முளைக்கும். நீங்க பரம்பு ஓட்டினதால இல்லை,” என்றேன்.

அந்தப் பக்கம் கலவை இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு, “அப்ப நான் கெடுக்கலியா சார்?” என்றார்.

“இல்லை.”

“சரிங்க சார். அவகிட்ட குடுங்க.”

அப்படியானால் கெடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க மாட்டேன். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன்.