உஜோங் பாசிர்வரை ஒரு தகரப் பெட்டி

கடையைத் திறந்து துணிக்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ருக்குமணி அக்காவின் அண்ணன் வாசலில் வந்து நின்றார். தங்கை விடியற்காலையில் இறந்துவிட்டாள் என்று மலாயில் சொன்னார். "தகரப் பெட்டி எங்கே?" என்பதுதான் என் வாயில் வந்த முதல் கேள்வி. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் எங்கள் துணிக்கடையின் முன்பக்கம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்கா செட்டிக் குடும்பம். கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவது மலாய். அவருக்கு வந்த கொஞ்சத் தமிழும் நாகப்பட்டினம் போவதற்காக, கடையில் துணி கிழித்து விற்கும் என்னிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது.

முன்னோர்கள் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு முன் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கும் பர்ச்சு மட்டும் ஒரு வருடமும் தவறாது. "வந்தவங்களுக்கு நாங்க சோறு வைக்கிறோம். அங்கேயே நின்னவங்களுக்கு யாரு வைக்கிறா?" என்பார். கப்பல் போய்ச் சேரும் நாகப்பட்டினக் கரையில் அவர்களுக்கும் ஓர் இலை போட வேண்டும், அதில் இறால் விழுதில் அரைத்த பெலாச்சான் சம்பல் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வாழ்நாளில் பெலாச்சானை முகர்ந்தே பார்க்காதவர்களுக்கு அது எப்படிப் பிடிக்கும் என்று சீண்டுவேன்.

"பிடிக்கலன்னா அவங்க எங்க ஆளு இல்லலா" என்பார்.

தனியாகத்தான் போவேன் என்று பிடிவாதம். அதற்கு ஒத்திகை வேறு. ஞாயிறுதோறும் தகரப் பெட்டியில் சாரோங், கெபாயாச் சட்டைகள், தட்டு, பெலாச்சான் டப்பா எல்லாவற்றையும் அடுக்கி, காஜா பெராங்கிலிருந்து உஜோங் பாசிர் கடற்கரைவரை தானே தூக்கிக்கொண்டு நடப்பார். ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயில் வாசலில் மட்டும் ஒரு தடவை கீழே வைப்பார். கடலைப் பார்த்தபடி காப்பி குடித்துவிட்டுத் திரும்புவார். நான் கை நீட்டினால் தட்டிவிடுவார். "கப்பல்ல நீ இருப்பியா?" வாரத்துக்கு வாரம் பெட்டி இளைத்தது. முதலில் தட்டு போனது, பிறகு இரண்டாவது கெபாயா.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அக்கா கை ஓயாமல் புதுக் கொடி தைத்தார். இப்போது வெளியே போனால் திரும்ப விடுவார்களோ என்ற பேச்சு அப்போது ஊரெல்லாம் ஓடியது. எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. "பொறுங்கக்கா. பிரஜா உரிமைக் காகிதம் கையில வரட்டும், அப்புறம் போங்க" என்றேன்.

இயந்திரத்தை நிறுத்தினார். "கொடி தைக்கிறவள உள்ள விடமாட்டானா?"

நான் துணிக்கட்டைப் பிரிக்கத் திரும்பிக்கொண்டேன். "சரி, நீ சொன்னா சரி" என்று மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார்.

காகிதம் வந்து சேர்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கப்பல் பயணமே கூடாது என்றார் டாக்டர். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுப்பாலம்வரை பெட்டியோடு போய்வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

வரும் பர்ச்சுவில் அக்காவுக்கும் இலை போடுவார்கள். நாகப்பட்டினத்து இலைதான் போடப்படாமல் போயிற்று.

பெட்டியை அண்ணன் எனக்கே கொடுத்துவிட்டார். அக்காவுடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், போன ஞாயிறு காஜா பெராங்கிலிருந்து தூக்கிக்கொண்டு நடந்தேன். உஜோங் பாசிர் போய்ச் சேர்வதற்குள் நான்கு இடத்தில் கீழே வைத்தேன்.

அக்கா எப்போதோ தயாராகிவிட்டார். பயந்தது நான்தான்.