பாசி போன தொட்டி

எங்கள் வீட்டில் மீன் என்றால் அது குழம்பில்தான் இருக்கும். அதைக் கண்ணாடிக்குள் நீந்தவிட்டு வேடிக்கை பார்க்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தபோது, கழித்துப் போட்ட ஒரு பெரிய பேட்டரியின் கண்ணாடித் தொட்டியைக் கேட்டு வாங்கித் திருமுல்லைவாயில் வரை தலையில் சுமந்து வந்தார். ஒரு வாரம் சாம்பல் போட்டுக் கழுவி, ஏரியில் நாலு கெண்டைக் குஞ்சு பிடித்து அதில் விட்டார். "துன்றதுக்கு ஆவாத மீனுக்கு ஊட்ல இன்னா வேலை?" என்று நைனா சத்தம் போட்டார். நைனா என் அப்பா; சித்தப்பாவுக்கு ஒரே அண்ணன். அவர் சத்தம் போடாத விஷயம் எங்கள் வீட்டில் குறைவு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. ஐந்தே மாதத்தில் பட்டாளத்தில் லாரி மெக்கானிக்காகச் சேர்ந்து மலேயாவுக்குக் கப்பலேறினார். கிளம்பும்போது சித்தி விடாமல் அழுதாள். அவளைச் சிரிக்க வைக்கத் தொட்டியைக் காட்டி, "இதுங்க நல்லா கீற வரைக்கும் நானும் நல்லா கீறேன்னு வெச்சுக்கோ" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். சித்தி அதைச் சத்திய வாக்காக எடுத்துக்கொண்டாள்.

தொட்டிக்கு அவர் மூன்று சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். வெயில் படாமல் வைக்க வேண்டும், தீனி கொஞ்சமாகப் போட வேண்டும், வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். சித்தி மூன்றாவதை மட்டும் தவறாமல் செய்தாள். சமைக்கும்போதும் மீன் கண்ணில் பட வேண்டும் என்று தொட்டியை அடுக்களை ஜன்னலில் வைத்தாள். காலை வெயில் நேராக அதில்தான் விழும். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது என்ற செய்தி வந்து, சித்தப்பாவின் கடிதமும் நின்றதும், அவள் தீனியையும் கூட்டினாள். இடித்த நொய்யை விரல் நுனியில் ஒட்டித் தண்ணீரில் காட்டினால் நாலு மீனும் ஓடிவந்து விரலைக் கொத்தும். நாளுக்கு ஐந்தாறு தடவை அப்படிக் கொத்தவிட்டுப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

வெயிலும் தீனியும் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். முதலில் கண்ணாடியில் வழுவழுப்பாகப் படர்ந்தது, பிறகு தண்ணீரே பச்சையாகிவிட்டது. சித்தி தேங்காய் நாரால் தேய்த்தாள். வயலிலிருந்து நத்தை கொண்டுவந்து விட்டாள். நாலு நாளில் மறுபடி பச்சை. உள்ளே மீன் தெரியாதபோது அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துத் தேடிக்கொண்டிருப்பாள். பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும். அப்போது எனக்கு எட்டு வயது.

பூந்தமல்லியில் சித்தியின் தங்கை குழந்தைக்குக் காது குத்தினார்கள். அம்மாவும் சித்தியும் மூன்று நாள் போய்விட்டார்கள். மீனுக்குத் தீனி போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. பொறுப்பு வந்தால் மூளையும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிற வயது. நான் யோசித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல் தொட்டியில் எப்போதும் பாசி. குடிதண்ணீர் வைக்கும் செம்புத் தவலையில் மட்டும் பாசி பிடித்து நான் பார்த்ததே இல்லை. அதோடு செம்பில் இருந்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று அம்மா தினமும் எங்களைக் குடிக்க வைப்பாள். நமக்கு நல்லது மீனுக்கு மட்டும் கெடுதலா செய்யும்?

சின்ன செம்புச் சொம்பு ஒன்றை எடுத்து, அம்மா செய்வதுபோலப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். புளியைச் சரியாக அலசக்கூட இல்லை. அப்படியே தொட்டிக்குள் இறக்கினேன். மறுநாள் நத்தைகள் ஓட்டுக்குள் ஒடுங்கி அடியில் கிடந்தன. தூங்குகின்றன என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், பாசி வெளுத்துப் பஞ்சாக அடியில் படிந்திருந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. நாலு மீனும் வயிறு மேலாக மிதந்தன.

நான் போட்ட கூச்சலில் நைனா ஓடிவந்தார். முதுகு பழுக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், அவர் முகம் வெளுத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சித்தி எப்ப வர்றா?"

"மத்தியானம்."

துண்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். சேற்றில் கால் வைக்கக் கூசுகிற மனிதர், இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துண்டை விரித்துக் குனிந்து குனிந்து அள்ளினார். கரையில் துணி துவைத்தவர்கள் சிரித்தார்கள். வெயில் ஏறும் நேரத்துக்கு அதே அளவில் நாலு கெண்டைக் குஞ்சு கிடைத்தது. வீட்டுக்கு வந்து தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டார். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "சித்தியாண்ட சொல்லாத கண்ணு. உன்ன கும்புட்டுக் கேக்குறேன்" என்றார். ஒரு பெரிய மனிதர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்கு அடியைவிட அது பயமாக இருந்தது.

சித்தி வந்ததும் வராததுமாக நொய்யை எடுத்துக்கொண்டு தொட்டியிடம் போனாள். விரலைத் தண்ணீரில் வைத்தாள். மீன்கள் சிதறி மூலைக்கு ஓடி ஒண்டின. இன்னொரு தடவை வைத்தாள். வரவில்லை. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த, சேறு போகாத நைனாவின் துண்டைப் பார்த்தாள்.

"யாரு புடிச்சாந்தது?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் கண் கூடத்தில் இருந்த நைனாவின் பக்கம் போய்விட்டது.

எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி மூத்தவர் முன்னால் நின்று பேசமாட்டாள். சித்தி எதைச் சொன்னாலும் என் மூலமாகவோ அம்மா மூலமாகவோதான் நைனாவுக்குப் போகும். அன்று அவள் நேராகக் கூடத்துக்குப் போய் அவர் எதிரில் நின்றாள்.

"காயிதம் வந்து எத்தினி நாளாவுது, மாமா?"

நைனா, எந்தக் காயிதம் என்று கேட்கவில்லை. "இருவது நாளு தாயி. எப்டி சொல்றதுன்னு தெர்ல" என்று சொல்லிவிட்டுக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா ஓடிப்போய்ச் சித்தியைத் தாங்கிப் பிடித்தாள். பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பட்டாளத்துக் காகிதத்தை எடுத்து வந்தார்கள்.

வீடு முழுக்க அழுகைச் சத்தம். நானும் அழுதேன். ஆனால் உள்ளூர எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. மீனைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. பழைய மீன்களைக் கொன்றது நான்தான் என்று சித்திக்குக் கடைசிவரை தெரியாது என்று நம்பினேன். மீனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று ஏன் கடிதத்தைக் கேட்டாள் என்பது மட்டும் புரியவில்லை.

அது புரிய நானும் ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட வேண்டியிருந்தது. தம்பி உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிற அண்ணன், நாலு கெண்டைக் குஞ்சு செத்ததற்காக ஏரியில் இறங்கியிருக்க மாட்டார். நைனா வழக்கம்போல ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்த மீனைத் தூக்கி எறிந்திருந்தால், சித்தி என்னை நாலு சாத்து சாத்திவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் கடிதத்துக்குக் காத்திருந்திருப்பாள்.