எல்லை தாண்டாத பத்து நாள்

ஆத்தாவின் பிள்ளைகளான உங்கள் எல்லாருக்கும் வணக்கம். என் பெயர் சாந்தி. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீட்டில்தான் இன்னமும் இருக்கிறேன். எனக்குக் கோர்வையாகப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போய்விட்டது. வலியே இல்லை. காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது இரத்தம் கொட்டியது. என் வீட்டுக்காரர் குமார் செம்பனைக் குலை ஏற்றும் லாரியிலேயே என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு செம்மண் பாதையில் ஓட்டினார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்ததாம். முன்னாலேயே ஸ்கேன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார்கள். தோட்டத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் ஸ்கேன் கிடையாது. டாக்டர் எப்போதாவது இயந்திரத்தோடு வருவார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் எங்கள் ஆத்தா கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு நாங்கள் சித்தியவானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். காப்புக் கட்டிக் கொடி இறங்கும்வரை பத்து நாள் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். "எல்ல தாண்டிட்டு ஆத்தாவ குத்தம் சொன்னா எப்படிலா?" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அது எனக்குள் முள்ளாக இறங்கிவிட்டது. டாக்டர் சொன்ன காரணத்தை மறந்தேன். இந்தக் காரணம்தான் மனசில் நின்றது.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் உண்டானேன். பிள்ளைக்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு குமார் காப்புக் கட்டினார். கிளினிக்குக்கு டாக்டர் இயந்திரத்தோடு வர, எனக்கு ஸ்கேனுக்குக் குறித்திருந்த நாள், அந்தப் பத்து நாளுக்குள் விழுந்தது.

"போலாமா சாந்தி? நான் பூசாரிகிட்ட கேக்குறேன்" என்றார் குமார்.

"வேணாங்க. ஒரு தடவ தாண்டி பட்டது போதும்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அவருக்கும் பயம்.

கொடி இறங்கிய மறுநாள் கிளினிக்குக்குப் போன் செய்தேன். அடுத்து டாக்டர் வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு அப்போது ஆறு மாதம் முடியப்போகிற நேரம். ஐந்து வாரம் என்றால் எந்தக் கட்டத்தில் வந்து நிற்பேன் என்று எனக்குத் தெரியாதா? போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வயிற்றில் பிள்ளை உதைத்தது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். அழுதேன். இதையும் என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். துணி துவைக்கப் பயம், குனியப் பயம், கழிவறைக்குப் போனால் கீழே பார்க்கப் பயம். குமார் ஈப்போவுக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. லாரி குலுங்கலிலேயே போய்விடும் என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. நான் விளக்குகூட ஏற்றவில்லை. "ஆத்தா, உனக்குப் பயந்துதான் போகல. இப்ப நான் யார்கிட்ட போவேன்? வழிய காட்டு, இல்ல என்னையும் சேத்து எடுத்துக்க" என்றேன். அது கும்பிட்டதா சண்டையா என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு கார் வந்து லயத்தின் முன்னால் நின்றது. கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் மிஸி கலா இறங்கினார். ஈப்போ டவுனில், புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவர், தோட்டத்து வழக்கம் தெரியாதவர். கூடவே ஓர் இளம் டாக்டர், கையில் சின்னப் பை.

"என்னாக்கா இது, ஒரே தோட்டத்துல நாலு பேரு ஸ்கேனுக்கு வரலன்னு பாத்தா, காப்பு கட்டுனதா சொல்றாங்க! எனக்கு எப்படிலா தெரியும்? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று சத்தம் போட்டார். திட்டுத்தான். எனக்கு அர்ச்சனை மாதிரி கேட்டது.

பூட்டிக் கிடந்த ஆயாக்கொட்டகையைத் திறந்து, ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்த அந்த இடத்தில் பாய் விரித்தோம். டாக்டர் பையிலிருந்து எடுத்தது கைக்கு அடக்கமான ஸ்கேன் இயந்திரம். என் முறை வந்தபோது டாக்டர் அதை அடிவயிற்றிலேயே மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் நஞ்சுக்கொடி கீழேதான்.

அன்றைக்கே அந்தக் காரிலேயே, மெதுவாக, ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒன்பதாம் நாள் வார்டிலேயே இரத்தம் கொட்டியது. இந்தத் தடவை லாரி இல்லை, செம்மண் பாதை இல்லை. அறுவை அறை அடுத்த கட்டிடத்தில் இருந்தது. இரத்தம் நிற்காததால் என் கருப்பையை எடுத்துவிட்டார்கள். மகள் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் பல வாரம் கிடந்து பிழைத்தாள். ஆத்தாவுக்கு எத்தனை கோடி நன்றி சொன்னாலும் போதாது.

இப்போது காப்புத் தேதி குறிக்கும் முன் ஸ்கேன் நாள் எப்போது என்று எங்கள் கோயில் கமிட்டி கிளினிக்கைக் கேட்கிறது. ஆனால் அந்த டாக்டர் மாற்றலாகிவிட்டார். சின்ன இயந்திரமும் வருவதில்லை. பழையபடி நாம்தான் தேடிப் போக வேண்டும்.

உண்டாகியிருக்கும் தங்கச்சிகளே, ஆத்தாவை நம்புங்கள். நம்பி வண்டியில் ஏறுங்கள். காப்புக் கட்டியிருந்தாலும் எல்லை தாண்டிப் போய் ஸ்கேன் பாருங்கள். குற்றம் என்று ஒன்று இருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லி அவளிடம் ஏற்கெனவே வேண்டிக்கொண்டேன்.