அம்மா போட்ட இரண்டு மார்க்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அம்மாவிடம் கணக்குப் படித்தவர்கள். மீதிப் பேர் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். இரண்டிலும் சேர்ந்தவர்கள் உண்டு, நான் அந்த வகை. மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று சித்தப்பா கேட்டார். பழைய குஸ்தி நிகழ்ச்சிகளுக்கு அம்மா மார்க் போட்டதைப் பற்றி என்றேன்.

"ஏ பிள்ளே, சாமி படம் போட்டு அடிக்கிற புஸ்தகத்துல குஸ்தியா? நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்றார்.

நாலு பேர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். குஸ்தியை விட்டுவிட்டு அம்மாவின் கடைசி வருஷங்களை எழுதினால், அது வேறு யாரோ ஓர் அம்மாவைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அம்மா பிறந்தது அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில். கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம். மலையாளச் சீமையில், ஆரியசாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்த எங்கள் அப்பாவின் வீட்டுக்கு வந்தார். வந்த புதிதில் நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே இருந்ததாகச் சொல்வார். மலையாளத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ்களின் போர்டுகளைப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டார். அண்ணன் பிறந்த பிறகு பி.எட். முடித்தார். முதல் வேலை பொன்முடிப் பக்கம், எஸ்டேட் தொழிலாளர் பிள்ளைகள் படித்த பள்ளியில். காலை பஸ்ஸை விட்டால் அன்றைக்கு லீவுதான். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் என்று ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் மடியில் இருக்கும் விடைத்தாள்களைப் பிடித்துக்கொண்டு போவாராம். பிறகு நகரத்துக்கு மாற்றலாகி, மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றார்.

அம்மாவுக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால், அது தேர்வுத் தாள் திருத்தும் முகாம்களில்தான். அங்கே ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகத் திருத்துவார்கள். ஒருவர் போட்ட மார்க் மற்றவருக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் அளவுக்கு மிஞ்சினால், தாள் மூன்றாவது ஆசிரியரிடம் போகும். தன் கைபட்ட தாள் அப்படி மூன்றாவது ஆளிடம் போனால் அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. அன்றைக்கு வீட்டில் சாம்பாரில் உப்பு இருக்காது. ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் மிகக் குறைவு. அவர் கை அவ்வளவு நிதானம்.

எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்தபோது அண்ணனுக்கும் எனக்கும் குஸ்திப் பைத்தியம் பிடித்தது. வெளிநாட்டுக் குஸ்தி. மலை போன்ற மனிதர்கள் கயிறு கட்டிய மேடையில் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள். அவர்களுடைய இங்கிலீஷ் பெயர்கள் அம்மாவின் வாயில் நுழையாது என்றில்லை, அவருக்கு அந்தப் பெயர்கள் பிடிக்கவில்லை. தானே பெயர் வைத்தார். நீண்ட முடிக்காரன் குடுமி. மொட்டைத்தலைத் தடியன் பானை. குடுமி என்றால் அண்ணனுக்கு உயிர். குடுமியும் பானையும் இரும்புக் கூண்டுக்குள் மோதிய அன்று, குடுமி தோற்றதும் அண்ணன் ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா தாள் திருத்திக்கொண்டே, "எல்லாம் பேசி வச்சி ஆடுற களியாக்கும். சோத்தைத் தின்னு மக்கா" என்றார். அண்ணன் அதற்கும் அழுதார்.

இனி எழுதப்போவது உறவினர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அண்ணன் மஸ்கட்டில் வேலைக்குப் போனார். அப்பா திடீரென்று தவறியபோது அவரால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். அத்தனை பேர் முன்னால் அம்மா, "விருந்தாளி வந்திருக்கான், காப்பி கொடுங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணன் காரியம் முடியும்வரை இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, போய்விட்டார். அதன் பிறகு என்னிடம் மட்டும்தான் போன். அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்றால் வைத்துவிடுவார். வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று. "அவன் என்ன சொன்னான்?" என்று அம்மா கேட்டதே இல்லை. போன் மணி அடித்தால் மட்டும் டிவி சத்தத்தைக் குறைப்பார்.

முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதும் அம்மாவின் உலகம் மாடி ஹாலோடு சுருங்கியது. சீரியல்கள் அவருக்கு ஆகாது. "ஒருத்திய ஒருத்தி அடிக்கதுக்கு ஒரு வாரம் முறைக்காளுவ. இதுக்குக் குடுமியும் பானையுமே மதி, அது போரும்" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். தேடிப் பார்த்தேன். அந்தக் காலத்து நிகழ்ச்சிகளை யாரோ இணையத்தில் போட்டு வைத்திருந்தார்கள். டிவியில் போட்டுக் காட்டினேன். முதல் பந்தயம் முடிந்ததும் அம்மா என்னைப் பார்த்து, "நீ எத்தனை போடுவ?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது.

சனிக்கிழமை சாயங்காலம், தேயிலைத் தண்ணி குடித்த பிறகு. மொத்தம் பத்து மார்க். பந்தயம் முடியும்வரை பேசக் கூடாது. அம்மா "ம்" என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் விரல்களைத் தூக்கிக் காட்ட வேண்டும், ஒருவர் மார்க்கைப் பார்த்து மற்றவர் மாற்றிவிடக் கூடாதல்லவா. வாணவேடிக்கையும் பாட்டுமாக மேடைக்கு நடந்து வருவதற்கு மார்க் கிடையாது. "கேள்விய அழகா எழுதினதுக்கு எவளாவது மார்க் போடுவாளா?" நாற்காலியால் அடித்தால் அது காப்பியடித்த கேஸ், சுழியம். தோற்றவனானாலும் வழிமுறை சரியாக இருந்தால் படிப்படியாக மார்க் உண்டு. "விடை தப்பா இருக்கலாம், ஸ்டெப் சரியா இருக்குல்லா" என்பார். முக்கியமாக ஒன்று: எங்கள் இருவருக்கும் மூன்று மார்க் வரை வித்தியாசம் இருக்கலாம். அதைத் தாண்டினால் மூன்றாவது ஆளுக்குப் போக வேண்டும். அப்படி ஓர் ஆள் வீட்டில் இல்லை. என் கணவர் குஸ்தி தொடங்கினாலே தூங்கிவிடுவார். ஆனால் தேவையும் வரவில்லை. அம்மா ஏழு என்றால் நான் எட்டு, அவர் நான்கு என்றால் நான் ஆறு. நாங்கள் பார்த்த பழைய அதிசயங்களில் பாதிக்கு மேல் இப்போது நான்கைத் தாண்டவில்லை என்பதையும் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

அந்தக் கூண்டுப் பந்தயத்தை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதையும் பார்த்து, அதுவும் சப்பென்று ஆகிவிட்டால்? ஒரு சனிக்கிழமை அம்மாவே கேட்டார். போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. குடுமி கூண்டின் உச்சியிலிருந்து விழுந்தபோது நான் பழையபடி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். நான் ஒன்பது விரல் தூக்கினேன். அம்மா இரண்டு.

"ரெண்டா? என்னம்மா இது? ஸ்டெப் மார்க்கே அதுக்கு மேல வருமே!"

"எனக்கு ரெண்டுதான் தோணுது."

"அநியாயம்மா."

"அநியாயம்னா மூணாவது ஆளுக்கு அனுப்பு. ஏழு வித்தியாசம் இருக்குல்லா. சட்டம்னா சட்டம்."

"யாருக்கு அனுப்ப? இங்க ஆரு இருக்கா?"

அம்மா சேலைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்தக் களிய அன்னைக்குப் பார்த்தவன் ஒருத்தன் உண்டும்லா" என்றார்.

நான் பந்தயத்தின் இணைப்பை அண்ணனுக்கு அனுப்பி, கீழே இப்படி எழுதினேன்: மூன்றாவது மதிப்பீட்டுக்கு. நான் ஒன்பது. அம்மா இரண்டு. வேறு ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் கெட்டுப்போகும் என்று பயம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. எடுத்தவுடனே, "ஏட்டி, அம்மைக்குக் கண்ணு தெரியலியா? ரெண்டு எப்படிப் போட முடியும்? போனக் கொடு" என்றார் அண்ணன். கொடுத்தேன். 

அம்மா போனைக் காதில் வைத்துச் சற்று நேரம் கேட்டார். பிறகு, "நடுவுல அவன் வெறுதே படுத்துக் கெடந்தானே, அதுக்கு எவன் மார்க் போடுவான்?" என்றார். அங்கிருந்து சத்தம். "பானை அவனைத் தொடவே இல்ல மக்கா, நீ திரும்பப் போட்டுப் பாரு." அங்கிருந்து இன்னும் சத்தம். நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோதும் சண்டை முடிந்திருக்கவில்லை. அண்ணன் பத்துக்குக் குறைய மாட்டேன் என்றார், அம்மா இரண்டுக்கு மேல் ஏற மாட்டேன் என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மூன்று பேர். அண்ணன் அங்கே பார்ப்பார், போன் திரையில் விரல் காட்டுவார். அப்பாவின் சாவைப் பற்றியோ, வாசலில் சொன்ன சொல்லைப் பற்றியோ இருவரும் பேசி நான் கேட்டதில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அண்ணன் லீவு போட்டு வந்துவிட்டார். இந்த முறை நேரத்துக்கு வந்தார். அம்மா கண்ணைத் திறந்து பார்த்து, "காப்பி குடிச்சியா?" என்றார். அதே காப்பிதான், ஆனால் இது வேறு கேள்வி. அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு மாலையில், அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் போனில் அந்தக் கூண்டுப் பந்தயத்தையே போட்டார். மூவரும் பார்த்தோம். முடிந்ததும், "இப்பச் சொல்லு, உள்ளதச் சொல்லு. எத்தனை?" என்றார். அம்மா ஒரு கையின் ஐந்து விரல்களையும் விரித்தார். பிறகு, ஊசி குத்தியிருந்த மறு கையிலிருந்து மெதுவாக ஒரு விரலையும் தூக்கினார்.

"ஆறு. அதுக்கு மேல முடியாது மக்கா."

அண்ணன் சிரிப்பார், அல்லது சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார், வெகுநேரம் வரவில்லை. குடுமிக்கு ஆறுதானா என்ற வருத்தம் என்று எண்ணிக்கொண்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார், முகம் தெளிவாக இருந்தது. அடுத்த வாரம் எங்களை விட்டுப் போனார். கொள்ளி வைத்தது அண்ணன்.

அம்மாவை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் செவிலியருக்கும், முழங்கால் வலியோடு இருந்த அவரை எத்தனையோ முறை மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கிய எங்கள் தெரு சுமைத் தொழிலாளர்களுக்கும், அன்று கடையை அடைத்துவிட்டு வந்து நின்ற ஆரியசாலை வியாபாரிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பொன்முடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த பழைய மாணவர்களை மறக்க மாட்டோம். குஸ்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்த மலருக்காக அச்சகத்துக்கு நடையாய் நடந்த சித்தப்பாவுக்கும், பழைய டேப்புகளைத் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றிய முகம் தெரியாத புண்ணியவானுக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. நான் அம்மாவின் மகள்தான் என்றாலும் கணக்கில் மந்தம், அண்ணன் அப்படியல்ல. ஆஸ்பத்திரியில் அவர் ஏன் எழுந்து போனார் என்பது இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் போட்டது ஒன்பது. அம்மாவின் மனதில் அன்றைக்கே இருந்தது ஆறு, காட்டியது இரண்டு. வித்தியாசம் மூன்று. மூன்றுக்கு மூன்றாவது ஆள் தேவையில்லை.