திட்டு வாங்கும் வக்கீல்

பிரிட்ஜைத் திறந்து பால் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வில்லா ட்ரெஸ்லர் வீட்டுக்காரர்களிடம் "சௌக்கியமா?" என்று கேட்பாள். அடுத்தவர் வீடாயிற்றே என்ற கூச்சமெல்லாம் கிடையாது. அடுத்தது குழந்தை படுக்கும் அறை. மெத்தையை அமுக்கிப் பார்ப்பாள். ஜன்னல் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பாள். கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போட்ட தடம் இருக்கிறதா என்று விரலால் தடவுவாள். "என்னங்க இது, போலீஸ் சோதனை மாதிரி" என்று யாராவது முகம் சுளித்தால், "போலீஸ் வந்தா காபி குடுப்பீங்க. எனக்கு அதுகூட வேணாம்" என்பாள்.

சுரங்கம் மூடியபின் போதை மாத்திரையிலும் ஊசியிலும் விழுந்துபோன மேற்கு வர்ஜீனியா மலை ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. பெற்றவர்களிடமிருந்து அரசு ஒரு குழந்தையை எடுத்து வேறொரு குடும்பத்தின் பொறுப்பில், வளர்ப்பு வீட்டில் விட்டால், வழக்கு நீதிமன்றத்துக்கு வரும். அரசுக்கு ஒரு வக்கீல், அம்மாவுக்கு ஒரு வக்கீல், அப்பா என்று ஒருவன் அகப்பட்டால் அவனுக்கும் ஒருவர். குழந்தைக்கென்று நீதிமன்றம் போடுகிற ஆள் வில்லா. அந்தப் பிள்ளைக்கு எது நல்லதோ அதை நீதிபதியிடம் கேட்டு வாங்குவது அவள் பொறுப்பு.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இடது முழங்கால் மழைக்காலத்தில் மக்கர் பண்ணும். மற்ற வக்கீல்கள் குழந்தைகளை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போய்ப் பேச வைப்பார்கள். வில்லாவுக்கு அது ஆகாது. "ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தா நமக்கு எது பிடிக்குமோ அதைத்தான் சொல்லும்" என்பாள். அவள் வழி வேறு. வளர்ப்பு வீட்டுச் சமையலறையில் தொட்டியை நிரப்பி, பிள்ளையைப் பாத்திரம் கழுவ விட்டு, பக்கத்தில் நின்று துடைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்குமாம். எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ வீட்டுத் தட்டுகள் அவள் கையால் துடைக்கப்பட்டவை.

ஊரில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. கடையில் அவளைக் கண்டால் பெண்கள் தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளையைப் பிரித்தவள், குடும்பத்தைக் கெடுத்தவள், மலட்டுப் பொறாமைக்காரி என்று கரித்துக் கொட்டாத வாய் இல்லை. ஒருமுறை நீதிமன்ற வாசலில் யாரோ அவள் காரின் நான்கு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். "காத்துதானே, பிடிச்சுக்கலாம்" என்று மழையில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் திட்டையெல்லாம் அவள் ஏன் துடைத்துப் போட்டுக்கொண்டு போகிறாள் என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. பிரின்லி வழக்கில்தான் புரிந்தது.

பிரின்லிக்குப் பத்து வயது. அம்மா கெண்ட்ரா மல்லின்ஸ் ஊசி போட்டுக்கொண்டு குளியலறையில் நீலம் பாரித்துக் கிடந்த நாளில், பிள்ளைதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது. அதன்பின் பிள்ளை டார்லா என்பவளின் வளர்ப்பு வீட்டில். கெண்ட்ரா சும்மா இருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போதையை விட்டாள். கோழி வறுக்கும் கடையில் வேலை பிடித்தாள். வாடகைக்கு வீடெடுத்து மகளுக்கு ரோஜா நிறத்தில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு முன் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அரசு வக்கீலே ஒத்துக்கொண்டார்.

விசாரணைக்கு முந்தின வாரம் வில்லா வளர்ப்பு வீட்டுத் தொட்டியருகில் நின்றாள். பிரின்லி ஒரே குவளையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"மிஸ் வில்லா, அங்க போனா நான் தூங்க மாட்டேன்."

"ஏன் கண்ணு? புதுக் கட்டிலாமே?"

"கட்டில் நல்லாத்தான் இருக்கு. அம்மா மூச்சு விடறாங்களான்னு நான் எழுந்து எழுந்து பாக்கணும். முன்னாடியும் அப்படித்தான். இங்க டார்லா ஆன்ட்டி குறட்டை விடுவாங்க, நான் தூங்கிடுவேன்."

"இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கியா?"

"இருக்கேன். ஆனா நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மறுபடி ஊசி போட்டுக்குவாங்க. என்னாலதான் ஆகும்."

வில்லா ஈரத்துணியைப் பிழிந்தாள். பிள்ளை சொன்னதை நீதிபதியிடம் எழுதிக் கொடுத்தால் அது அம்மாவின் வக்கீல் கைக்கும் போகும். எழுதாமல் விட்டால், பத்து வயதுக் குழந்தை விடிய விடிய அம்மாவைக் காவல் காக்கும்.

"நான் என்ன கேக்கறேனோ அது நான் கேக்கறது. உன் பேரு அதுல வராது" என்றாள்.

கெண்ட்ரா கெட்டவளாக இருந்தால் இவ்வளவு சங்கடமில்லை. விசாரணை நாளில் அவள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தாள். கைபேசியில் கட்டிலின் படத்தை வைத்துக்கொண்டு, போகிற வருகிற குமாஸ்தாக்களிடமெல்லாம் காட்டினாள். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எல்லாரும் சரி என்று சொல்லி முடித்ததும் வில்லா எழுந்தாள். பகலில் மட்டும் போய் வரட்டும், ராத்தங்கல் வேண்டாம், பனிக்காலம் முடியட்டும் என்றாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இது எனக்கு ஆச்சரியமா இருக்கு. குழந்தை என்ன சொல்றா?"

"அவ என்கிட்ட பேசினது என்னோட இருக்கட்டும், ஐயா. இது என் கோரிக்கை. அம்மா சுகமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகல. ராத்திரியில அந்த வீட்ல வேற பெரியவங்க யாரும் இல்ல."

"அந்தம்மா செய்யச் சொன்னதெல்லாம் செஞ்சிருக்காங்களே."

"செஞ்சிருக்காங்க. நான் இல்லைங்கல."

நீதிபதி வெகுநேரம் காகிதங்களைப் புரட்டினார். கடைசியில் மனமில்லாமல் வில்லா கேட்டதையே கொடுத்தார். கெண்ட்ராவின் கைபேசியில் கட்டில் படம் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வெளியே நடைவழியில் டார்லா பிரின்லியை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். தாயும் மகளும் சற்று நேரம் சேர்ந்திருக்க அனுமதி உண்டு. பிள்ளை ஓடிப்போய்க் கெண்ட்ராவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. வெளிக்கதவுக்குப் போக வில்லாவுக்கு அந்த நடைவழியை விட்டால் வேறு வழி கிடையாது.

"எல்லாரும் சரின்னாங்க" என்றாள் கெண்ட்ரா. குரல் உடைந்து வந்தது. "ஒனக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு? நான் இன்னும் எதை விடணும், சொல்லு. வேலையை விடவா, மூச்சை விடவா?"

கெண்ட்ராவின் வக்கீல் அவள் தோளைத் தொட்டார். அவள் உதறிவிட்டாள். மூச்சு என்ற சொல்லைக் கேட்டதும் பிரின்லியின் முகம் வெளுத்துவிட்டது. அது அம்மாவை நிமிர்ந்து பார்த்து வேகவேகமாகச் சொன்னது:

"நான் வரேன்னுதான்மா சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? இந்தப் பொம்பளதான் கேக்கல. எனக்கு இவளைப் பிடிக்கவே பிடிக்காது."

கெண்ட்ரா வில்லாவை வெறித்துப் பார்த்தாள். "அப்படியா? பச்சப்பிள்ள வாய் விட்டுக் கேட்டும் கேக்கலயா நீ?"

அம்மாவின் கைக்குப் பின்னாலிருந்து பிள்ளையின் இரண்டு கண்களும் வில்லாவின் மேலேயே இருந்தன.

வில்லா கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் இருவரும் போக வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.