கொப்பரைச் சாக்குக்குள் என் பயம்

தேங்காய் எண்ணெய் ஆட்டும் சின்ன மெஷின் வாங்கக் கடன் தேடப்போவதாக மனைவி சொன்னபோது நான் மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெருமாட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. கடன் என்றாலே நிலப்பத்திரம் பீரோவிலிருந்து இறங்கி நடந்துபோவதுதான் எனக்குக் கண்ணில் வரும்.

"பத்திரம் வெக்காம எவன் கடன் குடுப்பான் புள்ள?"

"அதைத்தானுங்க விசாரிக்கப் போறேன்."

விசாரித்தாள். கூட்டுறவு வங்கியில் நிலவரி ரசீதும் சம்பளக்காரர் ஜாமீனும் கேட்டார்கள். பைக்கில் வந்து வாரவட்டி வசூலிப்பவர் ஒன்றுமே கேட்கவில்லை. அதனாலேயே அவரை வேண்டாம் என்றுவிட்டாள். நகைக்கடன் என்ற பேச்சு வந்ததும் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், நான் மோதிர விரலை மடக்கிக்கொண்டேன். மிஞ்சியது அயல்கூட்டம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாராவாரம் ஒருத்தி வீட்டில் கூடிச் சேமிக்கும் குழு. குழு சம்மதித்தால் வங்கி கடன் தரும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. அந்த ஞாயிறு கூட்டம் எங்கள் வீட்டில். அவள் கடனுக்கு முடிவும் அன்றுதான்.

பத்திரம் தேவையில்லை என்று படித்துப் படித்துச் சொன்னாள். நான் நம்பவில்லை. வீடு நிறையப் பெண்கள் வந்து கேட்டால் மறுக்கும் தைரியம் எனக்குக் கிடையாது. காலையில் அவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரத்தில், பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பின்கட்டில் இருந்த கொப்பரைச் சாக்குக்குள் செருகினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

கூட்டத்தில் தலைவி சுற்றி வளைக்கவில்லை.

"கோவிச்சுக்காத கண்ணு. போன தடவை மாவு மெஷினுக்கு வாங்குன காசுல ஒருத்தி ஊட்டுக்காரரு பைக்கு வாங்கிப்போட்டாரு. நாமதான் கட்டி அழுதோம். உங்க ஊட்டுக்காரரு எப்படி?"

எல்லோரும் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்கள். பைக் ஆசை எனக்கும் இருந்ததால் வேர்த்துக் கொட்டியது.

"கடன்னாலே அவருக்குக் காய்ச்சல் வந்துருமுங்கக்கா," என்றாள் மனைவி. யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

"செரி, கொப்பரையைப் பாக்கலாம். எடுத்துட்டு வா."

"அந்தச் சாக்கு வேண்டாமுங்க!" என்று கத்தினேன். "பூசணம் புடிச்சுக் கெடக்குது!"

எண்ணெய் ஆட்டப்போகிறவளின் கொப்பரையைக் கடன் தருகிற இடத்தில் வைத்துப் பூசணம் என்று சொன்ன புருஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மூட்டை தேங்காய் காய்ந்திருக்கும். சாக்கை இழுத்துவந்து நடுவீட்டில் கவிழ்த்தாள். கொப்பரை வெள்ளை வெளேரென்று கொட்டியது. பின்னாலேயே பத்திரமும் விழுந்தது.

தலைவி கவரைப் பிரித்துப் பார்த்தார். "ஏனுங்ண்ணா, இதையும் சேத்து ஆட்டலாம்னு இருந்தீங்களா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. உண்மையைச் சொன்னேன், சொல்லாமலே தெரிந்திருந்தது. தலைவி ஒரு கொப்பரையை ஒடித்து வாயில் போட்டு மென்றார்.

"கொப்பரை நல்லா இருக்குது. கடனுக்கு இத்தனை பயப்படற ஆளு காசுல கை வெக்க மாட்டாரு. இருந்தாலும் காசு நேரா மெஷின் கடைக்கே போகட்டும். என்னங்கடி சொல்றீங்க?"

யாரும் மறுக்கவில்லை. என் வாழ்நாளில் என் பயத்தை ஜாமீனாக ஏற்றுக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

மெஷின் வந்து ஓடுகிறது. பீரோவைத் திறந்தால் பத்திரத்திலிருந்து இன்னும் கொப்பரை வாசம் வருகிறது.