முதலில் ஏற்ற வேண்டியது

அலுவலகத்தில் நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் கணினியைத் தொடமாட்டார். அலுவலகம் கொடுத்திருந்த கைபேசியைச் சட்டை நுனியில் துடைப்பார். மணியை உச்சத்துக்கு ஏற்றி, ஒருமுறை அடிக்கவிட்டுக் கேட்பார். பிறகு விசைப்பலகைக்கு வலப்புறம், தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைப்பார்.

எங்கள் நிறுவனத்தில் கிளைக்கொரு போர்ட்டல், அதாவது இணையதளம். அதில் சேரவேண்டிய முன்பதிவுப் பெட்டி, ரசீதுப் பக்கம் போன்ற மென்பொருள் துண்டுகளை நாங்கள் செய்து அனுப்புவோம். அங்கிருக்கும் ஒரே கணினி ஆள் அவற்றை இம்போர்ட் செய்து போர்ட்டலில் ஏற்ற வேண்டும். செய்தால் சிவப்பில் எர்ரர் வரும்: ‘தேவையான துண்டு இல்லை.’ உடனே அண்ணனுக்குப் போன்.

“சிவப்புல என்ன போட்டிருக்கு? மெதுவா படிங்கம்மா, நான் எங்கயும் ஓடிடல.”

மற்றவற்றுக்கு அடித்தளமாகக் கூடவே அனுப்பிய அடித்துண்டை முதலில் ஏற்றிவிட்டு மற்றதை ஏற்ற வேண்டும். வைத்தியம் அவ்வளவுதான். அண்ணன் அதை நீட்டி முழக்குவார். இருமல் குறைந்ததா, மாடி வீட்டுக்காரன் இன்னும் தண்ணீரை நிறுத்துகிறானா, சாப்பிட்டாச்சா?

“என்ன, சம்பந்தி வீட்டுப் பேச்சு முடிஞ்சுதா?” என்பார் பக்கத்து மேசைக்காரர்.

அண்ணனுக்குப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. மதியம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். எர்ரரைத் தவிர வேறு எதற்கும் அவருக்குப் போன் வந்து நான் பார்த்ததில்லை.

புதிதாக வந்த மேலாளர் அம்மாள் என்னைக் கூப்பிட்டார். “ஒவ்வொரு தடவையும் ஏன் எர்ரர்? இவர் போன் எடுக்கலன்னா கிளை படுத்துடுமா? என்னன்னு பார்த்து நிறுத்துங்க.”

அடித்துண்டைத் திறந்தேன். காலி. உள்ளே ஒரு வரி நிரல்கூட இல்லை. எதற்கும் உதவாத அதை எல்லாத் துண்டுகளும் கேட்கும்படி பிணைத்திருந்தார் அண்ணன்.

அவர் மேசையருகே போய் நின்றேன்.

“திறந்துட்டியா?”

“ஆமாண்ணே.”

“முன்னாடி உள்ள ஏதோ இருந்துச்சு. அப்புறம் தேவைப்படல. எடுத்துடலாம்னு உட்காருவேன், அதுக்குள்ள போன் வந்துடும்.” கோணலாக இல்லாத கைபேசியை நேராக்கினார். “எடுத்துடு தம்பி. மேடம் கேட்டா, பழைய மிச்சம்னு சொல்லு.”

எடுத்துவிட்டேன். அடுத்த முறை எல்லாக் கிளைகளிலும் ஒரே மூச்சில் ஏறியது. மேலாளர் கைதட்டினார், அண்ணனும் தட்டினார்.

அதன்பிறகும் காலையில் கைபேசியைத் துடைத்தார், மணியை அடிக்கவிட்டுக் கேட்டார். பெரும்பாலும் அன்றைக்கு அது ஒலிப்பது அந்த ஒருமுறைதான். சில மாதங்களில் வேலையை விட்டார். போகும்போது கைபேசியை என் விசைப்பலகைக்கு வலப்புறம் வைத்து, “அடிச்சா எடு, என்ன?” என்றார். போனில் பேச எனக்கு நாக்கு எழாது என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் அது அடித்தது. இருமல்காரப் பெண்.

“எர்ரரா மேடம்?”

“இல்ல தம்பி, நல்லாத்தான் ஏறுது. அண்ணன் இல்லையா?”

விட்டுப் போய்விட்டார் என்றேன். இருமினார்.

“எதை முதல்ல ஏத்தணும்னு ரெண்டாந்தடவையே எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. வேணும்னேதான் மாத்தி ஏத்துவோம். எர்ரர் நின்னதுக்கப்புறம், என்னத்தச் சொல்லிக் கூப்பிடறதுன்னு யாருக்கும் தெரியல.”